காரியவட்டம் கேம்பஸ் பக்கம் பிள்ளைக்கு தங்க எடம் பாக்க போறோம், எந்த ரோட்டெல்லாம் நடந்து பாக்கணும்?

தக்கலைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். என் மகளுக்கு கேரளா யுனிவர்சிட்டியில எம்.ஏ. லிங்குவிஸ்டிக்ஸ் (மொழியியல்) கெடச்சிருக்கு, காரியவட்டம் கேம்பஸ். வீட்ல எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம், எனக்கு சந்தோஷமும் இருக்கு பயமும் இருக்கு. ஹாஸ்டலுக்கு அப்ளை பண்ணியாச்சு, ஆனா கெடைக்குமான்னு இன்னும் உறுதியா சொல்லல, அதுக்குள்ள வெளியில ஒரு எடம் பாத்து வச்சுக்கிடலாம்னு நெனைக்கிறோம்.

திருவனந்தபுரம்னா எனக்கு தம்பானூர், பழவங்காடி பிள்ளையார் கோயில், பத்மநாபசாமி கோயில், மாமியாருக்கு வைத்தியம் பாக்க போன ஆர்சிசி கேன்சர் ஆஸ்பத்திரி, இவ்வளவு தான் தெரியும். காரியவட்டம் பக்கம் போனதே இல்ல. இவ அப்பா வெளிநாட்டுல இருக்காரு, நானும் என் தம்பியும் மகளும் தான் போறோம். நெட்ல பாத்தா ரூம் போட்டோ நெறைய வருது, எல்லாத்துலயும் கட்டிலும் ஃபேனும் மட்டும் தான் இருக்கு, அந்த வீடு எந்த ரோட்டுல இருக்கு, ராத்திரி லைட் எரியுமா, பக்கத்துல யாரு இருக்கா, கடை உண்டா, இதெல்லாம் எந்த போட்டோவுலயும் தெரியல. அதனால நேர்ல போயி அந்த ஏரியாவ ஒரு நாள் முழுக்க நடந்து பாக்கணும்னு ஆசப்படுறேன். எங்க எறங்கணும், எந்தப் பக்கம் நடக்கணும், என்னெல்லாம் கேக்கணும், அங்க உள்ளவங்க தமிழ்ல பேசினா தப்பா எடுப்பாங்களா, கொஞ்சம் விவரமா சொல்லுங்க. தெனமும் இரணியல்ல இருந்து ட்ரெயின்ல போயிட்டு வரலாம்னு தம்பி சொல்றான், அது நடக்குமா?

-----

முன்னாள் காரியவட்டம் மாணவன்:

அக்கா, மகளுக்கு என் வாழ்த்த சொல்லுங்க. நான் அங்க தான் தமிழ் டிபார்ட்மெண்ட்ல படிச்சேன். மொதல்ல ஒண்ணு, யுனிவர்சிட்டி ஆபீஸ் பாளையத்துல இருக்கு, செனட் ஹவுஸ் எல்லாம் அங்க தான், டிபார்ட்மெண்டுகள் தான் காரியவட்டத்துல. ஆட்டோவுல ஏறி வெறுமனே யுனிவர்சிட்டின்னு சொன்னா நேரா பாளையத்துல கொண்டு விட்ருவாங்க, அதனால காரியவட்டம்னே சொல்லுங்க. தம்பானூர்ல இருந்து ஸ்ரீகாரியம் வழி கழக்கூட்டம் போற பஸ்ஸு, ஆற்றிங்கல் பஸ்ஸுன்னு நெறைய உண்டு, கேசவதாசபுரம், உள்ளூர், ஸ்ரீகாரியம், சாவடிமுக்கு, பாங்கப்பாறை, அதுக்கப்புறம் காரியவட்டம். நீங்க ஆர்சிசிக்கு போயிருக்கீங்கல்ல, அந்த உள்ளூர் ஜங்ஷன தாண்டி அதே ரோட்டுல நேரா போறது தான். ஆனா கழக்கூட்டம்னு போர்டு போட்ட எல்லா பஸ்ஸும் இந்த வழி வராது, சாக்கை வழியா பைபாஸ்ல போறதும் இருக்கு, அது காரியவட்டத்த தொடாது. ஏறும்போதே கண்டக்டர்ட்ட ஸ்ரீகாரியம் வழியான்னு கேட்டுக்கிடுங்க.

தெனமும் இரணியல்ல இருந்து போயிட்டு வர்றத பத்தி. முடியாதுன்னு சொல்லல, எங்க செட்ல பாறசாலையில இருந்தும் குழித்துறையில இருந்தும் வந்தவங்க உண்டு. கழக்கூட்டத்துல ஸ்டேஷன் இருக்கு, ஆனா எல்லா எக்ஸ்பிரஸும் அங்க நிக்காது, சென்ட்ரல்ல எறங்கி திரும்ப பஸ் புடிக்கணும். அந்த பஸ்ஸு உள்ளூர்லயும் ஸ்ரீகாரியத்துலயும் காலை நேரத்துல நின்னு நின்னு தான் போகும். எம்.ஏ. படிப்புல வகுப்பு முடிஞ்சு லைப்ரரியில உக்காருற நேரம் தான் நெஜமான படிப்பு, ட்ரெயினுக்கு ஓடுற பிள்ளைக்கு அது தான் மொதல்ல போகும். அதனால தங்கி படிக்கறது நல்லதுன்னு தான் நான் சொல்லுவேன்.

இன்னொண்ணும் சொல்லணும், மக லிங்குவிஸ்டிக்ஸ்க்கு போறாள்னு கேட்டதும் எனக்கு மனசு நெறஞ்சிருச்சு. அந்த டிபார்ட்மெண்ட 1963-ல உருவாக்கினது நம்ம நாகர்கோவில் வடசேரிக்காரர் வ.அய். சுப்பிரமணியம் தான், பொறவு 1981-ல தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கினப்போ அதுக்கு மொத துணைவேந்தரும் அவரு தான். அதுக்கு முன்னால, திருவிதாங்கூர் பல்கலைக்கழகமா இருந்த காலத்துல, தமிழ் லெக்சிகன் அகராதிய பதிப்பிச்ச வையாபுரிப் பிள்ளை இங்க தமிழ்ப் பேராசிரியரா இருந்திருக்காரு. 1956 நவம்பர்ல நம்ம கன்னியாகுமரி ஜில்லா தமிழ்நாட்டோட சேந்து எல்லை பிரிஞ்சப்பொறவும் நம்ம பிள்ளைங்க இங்க வந்து படிக்கறது நிக்கவே இல்ல. நீங்க போற அன்னைக்கு கேம்பஸ் உள்ள இருக்கற ஓரியண்டல் மேனுஸ்கிரிப்ட் லைப்ரரியையும் மகளுக்கு காட்டிருங்க, ஓலைச்சுவடி ஆயிரக்கணக்குல வச்சிருக்காங்க, அவ படிப்புக்கு அது பெரிய சொத்து.

-----

பாங்கப்பாறை குடும்பம்:

நாங்க குலசேகரத்துக்காரங்க, பாங்கப்பாறையில சொந்த வீட்ல தான் இருக்கோம். பக்கத்துல ரெண்டு வீட்ல ஸ்டூடன்ட்ஸ் வாடகைக்கு இருக்காங்க, அதனால வருஷா வருஷம் வீடு பாக்க வர்ற அப்பா அம்மாவ பாத்துக்கிட்டே இருக்கேன், அத வச்சு சொல்றேன்.

மொதல்ல, ஞாயித்துக்கிழமை வராதீங்க. ஞாயிறு வந்தா கடை பாதி அடைச்சிருக்கும், பஸ் கம்மி, ரோடு காலியா கெடக்கும், எடம் ரொம்ப அமைதியா இருக்குன்னு நெனச்சு அட்வான்ஸ் குடுத்துட்டு போவாங்க. வேலை நாள்ல வாங்க. காலையில கேம்பஸ பாத்துட்டு சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல, லைப்ரரி விட்டு பிள்ளைங்க நடந்து வர்ற அந்த நேரத்துல, கேட்ல இருந்து நீங்க பாக்கப்போற வீடு வரைக்கும் மகளோட நடந்து பாருங்க. எங்க தெரு லைட் இருக்கு, எங்க ரெண்டு பக்கமும் மதிலும் ரப்பரும் மட்டும் இருக்கு, எங்க நாய் கூட்டமா நிக்குது, எல்லாம் அந்த ஒரு நடையில தெரிஞ்சிரும். கேட்டுக்குள்ள நொழஞ்சதும் டிபார்ட்மெண்ட் வந்திராது, உள்ளயே நல்ல தூரம் நடக்கணும், அதையும் சேத்து தான் கணக்கு போடணும். மெயின் ரோட்டுல இருந்து உள்ள போற ரோடு எல்லாம் ஏத்த எறக்கம், செம்மண்ணு சரிவு, மழையில வழுக்கும். மெயின் ரோடுகிட்ட இருக்கற சின்ன ரூமு, உள்ள தள்ளி இருக்கற பெரிய ரூம விட பொம்பளப் பிள்ளைக்கு நல்லது, இது என்னோட அபிப்பிராயம்.

வீட்டுக்குள்ள பாக்க வேண்டியது தண்ணி. இங்க வாட்டர் அத்தாரிட்டி பைப்பும் இருக்கும், கெணறும் இருக்கும். ரெண்டும் உண்டான்னு கேளுங்க, ஏப்ரல் மாசம் கெணத்துல தண்ணி நிக்குமான்னு கேளுங்க. வீட்டுக்காரங்கள்ட்ட கேக்கறத விட அங்க ஏற்கெனவே தங்கியிருக்கற பிள்ளைங்கள்ட்ட கேட்டா சரியா சொல்லுவாங்க. அப்புறம் அலமாரிய தொறந்து மோந்து பாருங்க. பூஞ்சை வாடை அடிச்சா அந்த ரூம் ஜூன்ல இருந்து நவம்பர் வரைக்கும் காயாது, இடவப்பாதி, அதான் தென்மேற்குப் பருவமழை, முடிஞ்சதும் துலாவர்ஷம், அதான் வடகிழக்குப் பருவமழை, வந்துரும், துணி, புக்கு, செருப்பு எல்லாத்துலயும் பூஞ்சை ஏறும். கட்டிலுக்கு பின்னால சுவர்ல கைய வச்சு பாருங்க, புதுசா பெயிண்ட் அடிச்சிருந்தா அடிப்பக்கம் மட்டும் பொடிப்பொடியா ஒதிரும், அங்க ஈரம் ஏறுதுன்னு அர்த்தம்.

குப்பை விஷயமும் கேட்டு வைங்க. பிளாஸ்டிக் எல்லாம் கழுவி காய வச்சு வீடு வீடா வந்து குப்பை எடுக்கற ஹரித கர்ம சேனை சேச்சிமார் வரும்போது குடுக்கணும், அதுக்கு மாசம் ஒரு தொகை உண்டு. அத வீட்டுக்காரர் கட்டுறாரா வாடகைக்காரர் கட்டணுமான்னு மொதல்லயே பேசிக்கிடுங்க. சோத்து மிச்சத்த ரோட்டோரம் வீசினா தான் நாய் கூடுது, அக்கம்பக்கத்துக்கும் ஸ்டூடன்ட்ஸுக்கும் சண்டை வர்றதும் பெரும்பாலும் இதுல தான்.

ஒரு வேண்டுகோள், தப்பா எடுக்காதீங்க. கார்ல வந்தா ஊடுவழியில கொண்டு நிறுத்தாதீங்க, மெயின் ரோட்டுலயே விட்டுட்டு நடந்து வாங்க, ஒரு வண்டி நின்னா இன்னொரு வண்டி போகாது, அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் வந்தாலும் அதே கதி தான். மத்தியானம் சோறு உண்டு படுக்கற நேரத்துல கேட்ட தட்டாதீங்க, போன் பண்ணிட்டு வாங்க. கேட்ல நின்னுக்கிட்டு வீட்ட வீடியோ எடுக்காதீங்க. வயசானவங்க தனியா இருக்கற வீடு இங்க நெறைய, பிள்ளைங்க எல்லாம் கல்ஃப்ல, யாருன்னு தெரியாத ஆளு கேட்ல நின்னு போன தூக்கினா அவங்க பயப்படுவாங்க. தமிழ்ல பேசுங்க, ஒண்ணும் பிரச்சினை இல்ல, நாகர்கோவில்ல இருந்து வரோம்னு சொன்னாலே எங்க தெரு அம்மச்சிமார் உக்கார வச்சு சாயா தருவாங்க.

-----

டெக்னோபார்க் தம்பி:

வாடகைய பத்தி நானும் சொல்றேன். நான் கருங்கல்காரன், கழக்கூட்டத்துல தங்கி டெக்னோபார்க்ல வேலை பாக்கறேன். 1990-ல டெக்னோபார்க் வந்ததுக்கப்புறம் இந்த ஏரியாவுல வீட்டுக்கெல்லாம் ஐடி கம்பெனி ஆள மனசுல வச்சு தான் வெல சொல்றாங்க. அதனால நீங்க கழக்கூட்டம் பக்கமா தேடாம ஸ்ரீகாரியம் பக்கமா தேடினா, அதாவது பாங்கப்பாறை, சாவடிமுக்கு, ஸ்ரீகாரியத்துல இருந்து செம்பழந்தி போற ரோடு, வாடகை கொஞ்சம் எறங்கும், பஸ்ஸும் ஸ்ரீகாரியத்துல நெறைய கெடைக்கும். செம்பழந்தி போனா நாராயண குரு பொறந்த வீட்டையும் அப்படியே பாத்துட்டு வாங்க, 1856-ல அவரு பொறந்த அந்த பழைய மண்ணு வீட்ட இன்னும் அப்படியே காப்பாத்தி வச்சிருக்காங்க, மனசுக்கு ரொம்ப நல்லா இருக்கும்.

ரெண்டாவது, கேம்பஸ ஒட்டித்தான் கிரீன்ஃபீல்ட் ஸ்டேடியம். 2023 ஜனவரி 15 அன்னைக்கு இந்தியா இலங்கைய 317 ரன்ல ஜெயிச்சு ஒருநாள் கிரிக்கெட்ல அப்போ உலக ரெக்கார்டு வச்சது அங்க தான். மேட்ச் அன்னைக்கு ரோட திருப்பி விடுவாங்க, பஸ் எங்க நிக்கும்னே தெரியாது. போறதுக்கு முன்னால மேட்ச் உண்டான்னு பாத்துட்டு கெளம்புங்க.

அட்வான்ஸ் விஷயத்துல கண்டிப்பா இருக்கணும். என் ரூம்மேட் ஒருத்தன் கையில காசா குடுத்தான், ஒரு துண்டுச்சீட்டு கூட வாங்கல, காலி பண்ணும்போது பெயிண்ட், ஃபேன், டாங்க் கிளீனிங்னு ஒவ்வொண்ணா சொல்லி பாதிக்கு மேல கழிச்சுட்டாங்க. அவனுக்கு அது ரெண்டு மாச சாப்பாட்டு காசு. பேங்க் வழியா போடுங்க, முத்திரைத்தாள்ல அக்ரிமெண்ட் எழுதுங்க, வழக்கமா பதினோரு மாசத்துக்கு தான் எழுதுவாங்க. காலி பண்ண எத்தன நாள் முன்னால சொல்லணும், அட்வான்ஸ்ல எதெல்லாம் கழிப்பாங்க, கரண்ட் பில்லு தனி மீட்டரா பங்கு மீட்டரான்னு அதுலயே எழுதி வாங்கிருங்க. குடியேறுற அன்னைக்கே ஓட்டை, ஒடசல், கறை எல்லாத்தையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸப்ல அனுப்பி வச்சா பின்னால பேச்சு இருக்காது.

-----

தக்கலைக்காரி:

எல்லாருக்கும் மனசு நெறஞ்ச நன்றி. வ.அய். சுப்பிரமணியம் வடசேரிக்காரர்னு மகள்ட்ட சொன்னதும் அவ கண்ணு விரிஞ்சு போச்சு, அவரு எழுதினத தேடிப் படிக்கப் போறாளாம். தம்பி சொன்ன ட்ரெயின் யோசனைய விட்டாச்சு. வேலை நாள்ல தான் போறோம். இன்னும் ரெண்டு கேள்வி இருக்கு. இவளுக்கு மலையாளம் கேட்டா புரியும், எழுத்து தெரியாது, பஸ் போர்டு எப்படி பாப்பா? சாப்பாடு எப்படி? சாயங்காலம் வரைக்கும் நின்னா எங்களுக்கு திரும்பி வர பஸ் கெடைக்குமா?

-----

முன்னாள் காரியவட்டம் மாணவன்:

எழுத்த இந்த லீவுலயே படிக்க சொல்லுங்க அக்கா. நம்ம ஊர் கடை போர்டுலயும் பழைய பத்திரத்துலயும் பாத்த கண்ணுக்கு அது சீக்கிரம் புடிபடும். போர்டு வாசிக்கற அளவு வந்தா போதும், மிச்சம் அங்க போயி தானா வந்துரும். லிங்குவிஸ்டிக்ஸ் படிக்கற பிள்ளைக்கு அது படிப்புக்கும் ஒதவும்.

சாப்பாட்டுக்கு கவலையே வேண்டாம், நம்ம வீட்டு சோறும் அங்கத்த சோறும் ஒண்ணு தான், சம்பா அரிசி, மீன் கறி, அவியல், தோரன், மரச்சீனி. பிஜியில, அதாவது சாப்பாடோட தங்க எடம் குடுக்கற வீட்ல, சேத்தா ஒரு நேரம் அங்க உக்காந்து சாப்பிட்டு பாத்துட்டு முடிவு பண்ணுங்க, சனி ஞாயிறு சாப்பாடு உண்டான்னும் கேளுங்க, சில எடத்துல ஞாயிறு ராத்திரி அடுப்பு மூட்ட மாட்டாங்க.

-----

பாங்கப்பாறை குடும்பம்:

திரும்பறதுக்கு தம்பானூர் வந்துட்டீங்கன்னா நாகர்கோவில் பஸ்ஸு, களியக்காவிளை பஸ்ஸு ரெண்டும் உண்டு. நேரடி பஸ்ஸுக்கு காத்து நிக்காம களியக்காவிளை பஸ்ல ஏறிருங்க, அங்கன இருந்து நம்ம பஸ்ஸு மாறி தக்கலையில எறங்கிக்கிடலாம். ஆனா ஆறு மணிக்கு ஸ்ரீகாரியம் ஜங்ஷன் அடைச்சுக்கிட்டு நிக்கும், அதையும் சேத்து கணக்கு போட்டு அஞ்சே முக்காலுக்குள்ள பஸ் ஸ்டாப்புக்கு வந்துருங்க. கொடை மறக்காதீங்க. எங்க தெருப் பக்கமும் வர்றதா இருந்தா இங்க எனக்கு தனிச் செய்தி போடுங்க, ரெண்டு வீடு தள்ளி ஒரு டீச்சரம்மா மாடியில பொம்பளப் பிள்ளைங்களுக்கு மட்டும் ரூம் குடுக்கறாங்க, காலி இருக்கான்னு நான் இன்னைக்கு சாயங்காலமே கேட்டு வைக்கிறேன்.