லண்டனில் தொலைபேசி நிறுவனம் மாறியபின் முன்குறியீடு வேலை செய்யவில்லை

வாவிக்கரை (கல்லடி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். லண்டன் ஹரோவில் இருக்கும் என் அக்கா, கல்லடியில் என்னோடு வசிக்கும் அம்மாவுடன் பேசுவதற்காக ஞாயிறுதோறும் இரவு எட்டு மணியளவில் எங்கள் வீட்டு நிலையான தொலைபேசிக்கு அழைப்பார். தன் வீட்டு இணைப்பிலிருந்து நேரடியாக அழைத்தால் கட்டணம் கட்டுப்படியாகாது என்பதால், வேறொரு கம்பனியில் கணக்கு வைத்து, அவர்கள் கொடுத்த ஐந்து இலக்க முன்குறியீட்டை முதலில் அழுத்திவிட்டு, அதன்பின் 0094 65 என்று தொடங்கும் எங்கள் இலக்கத்தை அழுத்துவதே பல வருட வழக்கம். போன மாதம், இணையமும் தொலைபேசியும் சேர்த்து மலிவாகக் கிடைக்கிறது என்று அவர் வேறு நிறுவனத்துக்கு மாறினார். பழைய இலக்கம் அப்படியே இருக்கிறது, தொலைபேசிக் கருவியும் அதேதான். ஆனால் முன்குறியீடு மட்டும் செத்துவிட்டது.

முன்குறியீடு இல்லாமல் அழைத்தால் இணைப்புக் கிடைக்கிறது. முதல் பில்லைப் பார்த்த பிறகு அக்கா மூன்று நிமிடத்துக்குமேல் பேசுவதில்லை. வாட்ஸ்அப்பில் பேசலாமே என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். அதை முயன்று பார்த்துக் களைத்துவிட்டோம். அம்மாவுக்குக் காது மந்தம், கைத்தொலைபேசியை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதே அவருக்குப் பெரும் சங்கடம். ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்கே கதிரையைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு, ரிசீவர் தட்டாமல் இருப்பதற்காக வலது காதுத் தோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மூன்று நிமிடம் பேசுவதற்கு அந்த ஏற்பாடு எதற்கு என்று எனக்கே மனம் கேட்கவில்லை.

குறை முன்குறியீட்டுக் கம்பனியிலா, புதிய இணைப்பிலா? மறுபடி நிறுவனம் மாறாமல் இதைச் சரிசெய்ய வழி உண்டா?

காரைதீவுக் கரையோரம் எழுதியது:

முதலில் ஒன்றைக் கவனித்துச் சொல்லுங்கள். முன்குறியீட்டை அழுத்தியதும் அக்காவுக்கு என்ன கேட்கிறது? விடாமல் நீளும் ஒரே தொனியா, அல்லது உங்கள் இலக்கம் பதிவில் இல்லை என்று சொல்லும் ஒலிப்பதிவுக் குரலா? இரண்டும் வெவ்வேறு நோய்கள். குரல் கேட்டால் அழைப்பு முன்குறியீட்டுக் கம்பனிவரை போய்ச் சேர்ந்திருக்கிறது, ஆனால் எந்த இலக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்துக் கணக்கை அடையாளம் காண அவர்களால் முடியவில்லை என்று பொருள். இலக்கத்தைக் கணக்கில் மறுபடி பதிந்தால் தீர்ந்துவிடும். தொனி மட்டும் கேட்டால் அழைப்பு அவர் வீட்டு இணைப்பைத் தரும் நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்சைத் தாண்டவே இல்லை.

இந்த இரண்டாவது நிலைதான் பொதுவானது. முன்குறியீடு என்பது கருவியில் இருக்கும் வசதி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கும் ஒரு கட்டளை. "இந்த ஓர் அழைப்பை மட்டும் நீ எடுத்துச் செல்லாமல் இன்ன கம்பனியிடம் ஒப்படை" என்பதுதான் அந்த ஐந்து இலக்கத்தின் பொருள். அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டிய கடமை பிரித்தானியாவில் எல்லா நிறுவனங்களுக்கும் இருக்கவில்லை. முன்பு ஏகபோகமாக இருந்த பிரிட்டிஷ் டெலிகொம் தன் வலையமைப்பைப் போட்டியாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று ஒழுங்குமுறை அதிகாரிகள் விதித்ததால், அதன் எக்ஸ்சேஞ்சில் தொங்கிய இணைப்புகளில் முன்குறியீடுகள் ஓடின. அதே வலையமைப்பை மொத்தமாக வாங்கித் தங்கள் பெயரில் விற்றவர்களின் இணைப்புகளிலும் பெரும்பாலும் ஓடின. ஆனால் செப்புக் கம்பியை மட்டும் வாடகைக்கு எடுத்து, எக்ஸ்சேஞ்சுக்குள் சொந்தக் கருவிகளைப் பொருத்திக்கொண்ட நிறுவனங்களும், தங்கள் கேபிளிலேயே தொலைபேசி தருபவர்களும் அந்தக் கட்டாயத்துக்குள் வரவில்லை. தன் வாடிக்கையாளர் வெளிநாட்டு அழைப்பை அடுத்த கடையில் வாங்குவதற்குத் தானே கதவைத் திறந்துவிட எந்த வியாபாரி விரும்புவான்?

கம்பியும் இலக்கமும் கருவியும் மாறாமலிருக்க, கம்பியின் மறுமுனை மட்டும் வேறொருவர் கைக்குப் போயிருக்கிறது. உங்கள் அக்காவுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன்.

வாவிக்கரை எழுதியது:

மிக்க நன்றி அண்ணை. அக்காவிடம் கேட்டேன். குரல் எதுவும் இல்லை, முன்குறியீட்டின் கடைசி இலக்கத்தை அழுத்தும்போதே நீண்ட தொனி வந்துவிடுகிறதாம். எங்கள் இலக்கத்தை அழுத்த இடமே கிடைப்பதில்லை. 1280 என்று ஓர் இலக்கத்தை முன்னால் சேர்த்துப் பார்க்கும்படி அவருடைய அயலவர் ஒருவர் சொன்னாராம், அதுவும் சரிவரவில்லை.

ஓய்வில் ஒருவர் (மட்டக்களப்பு) எழுதியது:

1280 உங்களுக்கு உதவாது தம்பி. அழைப்புகள் தானாகவே வேறு கம்பனிக்குப் போகும்படி ஏற்பாடு செய்துகொண்டவர், ஒரு குறிப்பிட்ட அழைப்பை மட்டும் பிரிட்டிஷ் டெலிகொம் வழியாக அனுப்ப விரும்பினால் அழுத்துகிற முன்குறியீடு அது. இணைப்பே அவர்களுடைய எக்ஸ்சேஞ்சில் இல்லாதபோது அதற்குப் பொருளில்லை.

தொண்ணூறுகளில் சில வருடம் நான் லண்டனில் வேலை செய்தேன். அப்போது மேர்க்கியூரி என்ற நிறுவனத்தின் 132 என்ற முன்குறியீடு இருந்தது. அதற்குமுன் வந்த 131 இல் ஒவ்வொரு தடவையும் நீண்ட இரகசிய இலக்கமும் அழுத்த வேண்டும். அந்த வேலையை ஒரே தட்டலில் செய்வதற்காக நீலப் பொத்தான் வைத்த தொலைபேசிகளைக்கூட விற்றார்கள். எங்கள் அறையில் ஐந்து பேர், ஐந்து பேரும் ஊருக்குப் பேசவேண்டியவர்கள். மறுமுனையில் வீட்டில் தொலைபேசி இல்லை, நகரத்திலுள்ள கொமினிக்கேசன் கடையில் வந்து காத்திருக்கச் சொல்லிக் கடிதம் எழுதியிருப்போம். 132 ஐ மறந்து நேரடியாக இலக்கத்தை அழுத்தியவன் அந்த மாத பில்லில் அகப்படுவான். அதனால் கருவியின்மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி வைத்திருந்தோம். உங்கள் கதையை வாசித்ததும் அந்தக் காகிதம்தான் நினைவுக்கு வந்தது.

படுவான்கரை எழுதியது:

இனி என்ன செய்யலாம் என்பதற்கு வருவோம். முன்குறியீட்டை நம்பிப் பழைய வகை இணைப்புக்குத் திரும்புவது வீண்வேலை. பிரித்தானியாவில் பழைய தொலைபேசி வலையமைப்பையே மூடுகிறார்கள். 2025 டிசம்பர் என்று வைத்திருந்த தவணையை 2027 ஜனவரி 31 க்குத் தள்ளியிருக்கிறார்கள், அவ்வளவுதான். 2023 செப்டம்பர் முதல் அங்கே அந்த வகைப் புதிய இணைப்பு விற்கப்படுவதும் இல்லை. அதற்குப் பதிலாக வரும், இணைய ரவுட்டரில் செருகும் தொலைபேசியில் முன்குறியீட்டை எதிர்பார்க்க முடியாது.

அதற்குப் பதிலாக அணுகல் இலக்கம் என்ற முறை இருக்கிறது. அதில் அக்கா அழைப்பது ஒரு சாதாரண பிரித்தானிய இலக்கத்துக்கு. அங்கே தொனி கேட்டதும் 0094 65 என்று உங்கள் இலக்கத்தைத் தொடர்ந்து அழுத்தினால் அவர்கள் இணைத்துவிடுவார்கள். அவருடைய நிறுவனத்தைப் பொறுத்தவரை அது உள்ளூர் அழைப்பு மட்டுமே, ஆகவே தடுப்பதற்கு அவர்களிடம் காரணமில்லை. இலக்கம் எதில் தொடங்குகிறது என்பதைப் பார்த்துத் தெரிவுசெய்யச் சொல்லுங்கள். 020 அல்லது 03 இல் தொடங்கினால், அவருடைய திட்டத்தில் இலவச உள்நாட்டு நிமிடங்கள் இருக்குமாயின் அவற்றிலேயே கழியும். ஊருக்கான கட்டணத்தை அணுகல் கம்பனியிடம் இருக்கும் முற்பணத்தில் கழிப்பார்கள். 084, 087 என்று தொடங்கினால், 2015 ஜூலைக்குப் பிறகு இரண்டு கட்டணங்கள் சேரும்: ஒன்று சேவைக்கு, மற்றது அவருடைய நிறுவனம் அறவிடுவது. மலிவு என்று நினைத்து மாட்டிக்கொள்வது இதில்தான். இலவச நிமிடத் திட்டங்களிலும் ஓர் அழைப்பு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டினால் கட்டணம் விழுவது வழக்கம். அம்மாவும் மகளும் பேசுவதைப் பார்த்தால் ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் ஒருமுறை வைத்துவிட்டு மறுபடி எடுப்பது நல்லது.

நிறுவனமே விற்கும் வெளிநாட்டு அழைப்புப் பொதியையும் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் நாடுகளின் பட்டியலில் இலங்கை இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே ஒப்புக்கொள்ள வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளுக்கு இங்கே நிமிடக் கணக்கில் தீர்வை அறவிடுவதால், இந்தியாவுக்கு மலிவாக இருக்கும் பொதியில் நம் நாடு பலதடவை விடுபட்டுப்போகும்.

காரைதீவுக் கரையோரம் எழுதியது:

ஒரு சிறு சேர்க்கை, அம்பாறை மாவட்டத்தில் உறவினர் உள்ளவர்களுக்கு. அணுகல் இலக்கத்தின் நினைவகத்தில் இலக்கங்களைப் பதியும்போது மாவட்டத்தின் பெயரைப் பார்த்து எல்லாவற்றுக்கும் 63 போட்டுவிடாதீர்கள். அம்பாறை நகருக்கு 63, ஆனால் கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்றுப் பக்கம் 67. என் மச்சான் பிழையாகப் பதிந்துவிட்டு, யாரோ ஒருவருடைய வீட்டை இரண்டு வாரம் எழுப்பிக்கொண்டிருந்தார்.

வாவிக்கரை எழுதியது:

அக்கா 03 இல் தொடங்கும் அணுகல் இலக்கம் ஒன்றை எடுத்துப் பத்துப் பவுண் முற்பணம் போட்டார். முதல் தடவை 0094 065 என்று பூச்சியத்தையும் சேர்த்து அழுத்தியதால் கிடைக்கவில்லை, இரண்டாம் தடவை கிடைத்தது. நேற்று நாற்பது நிமிடம் பேசினார்கள். பேச்சு முடிந்து அம்மா எழும்பியபோது தோடு மடியிலிருந்து விழுந்து உருண்டுவிட்டது. டோர்ச் அடித்துக் கதிரைக்கு அடியில் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.