புதுப்பிப்பு: மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் இலகுரக விமானம் ஓட்டுதல்

அமெரிக்காவில் மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் (தனியார் விமானிகளுக்கு வேண்டிய உடல்தகுதிச் சான்று) காலாவதியான விமானி, கார் ஓட்டுநர் உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு இலகுரக விளையாட்டு விமானத்தை (light-sport aircraft, பொழுதுபோக்காக ஓட்டும் எளிய சிறு விமானம்) ஓட்டலாமா என்று இந்த இழையில் முன்பு கேட்டிருந்தேன். ஓட்டலாம், 2004 முதலே விதி அப்படித்தான் இருக்கிறது.

ஆனால் காலாவதியாவது வேறு, மறுக்கப்படுவது வேறு. கடைசியாக அளித்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தாலோ, கடைசியாகப் பெற்ற சான்றிதழ் இடைநிறுத்தப்பட்டோ ரத்து செய்யப்பட்டோ இருந்தாலோ, உடல்நலக் குறை இருந்தும் பறக்க அளித்த சிறப்பு அனுமதி திரும்பப் பெறப்பட்டிருந்தாலோ, ஓட்டுநர் உரிமம் கைகொடுக்காது. மீண்டும் ஒருமுறை மருத்துவத் தகுதியை நிரூபித்தாக வேண்டும். ஆகவே உடல்நிலையில் ஐயமுள்ளவர்கள், இணையத்தில் நிரப்பிய மருத்துவச் சான்றிதழ்ப் படிவத்தை விமானிகளுக்கான மருத்துவப் பரிசோதகர் தம் கணினியில் திறந்து அது முறையான விண்ணப்பமாக மாறுவதற்கு முன்பே, அவரிடம் ஆலோசனை பெறுவது நல்லது என்பேன்.

உரிமத்தில் கண்ணாடி அணிய வேண்டும் என்றிருந்தால் அந்த நிபந்தனை வானிலும் செல்லும். பறக்கத் தகுதியற்ற உடல்நிலை இருப்பது தெரிந்தும் பறப்பது எப்படியும் விதிமீறல்தான்.

2025 அக்டோபர் 22 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய விதிகளில் பழைய 600 கிலோ எடை வரம்பு இல்லை. இறக்கை மடல்களை (flaps) விரிக்காத நிலையில் விமானம் தூக்குவிசை இழக்கும் வேகம் 59 நாட்டிகல் மைலுக்கு (மணிக்கு, அதாவது 59 knots, சுமார் 109 கி.மீ.) மிகாமல் இருக்க வேண்டும் என்பதே இப்போதைய முதன்மை அளவுகோல். நான்கு இருக்கைகள் இருக்கலாம், ஆனால் பயணி ஒருவர்தான். இரவில் பறக்க, தனிப் பயிற்சியோடு மருத்துவச் சான்றிதழோ 2017-இல் வந்த பேசிக்மெட் (BasicMed, சாதாரண மருத்துவரிடமே பரிசோதித்துப் பெறும் எளிய மாற்று) தகுதியோ கட்டாயம்.