மிஷன் இல்லத்துப் பிள்ளைகளிடம் விடைபெறுதல்: பார்த்தவர்கள் பகிர்வது

குழுக்களை அனுப்பும் ஒருங்கிணைப்பாளர்:

வெளிநாடுகளில் மிஷன்கள் நடத்தும் குழந்தைகள் இல்லங்களுக்குக் குறுகிய காலம் ஊழியம் செய்யப் போகும் குழுக்கள் பாட்டு, கைவேலை, வேதாகமக் கதை, பொம்மலாட்டம் எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்துவிட்டுப் போகின்றன. கிளம்புகிற நாளை யாரும் ஒத்திகை பார்ப்பதில்லை. கடைசி நேரத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வண்டி ஏறுகிறார்கள். பிள்ளைகளை நோகடிப்பது பெரும்பாலும் அந்தச் சொற்கள்தான்.

'போறேன்' என்று சொல்லக் கூடாது, 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதையே ஆங்கிலத்திலோ அந்த நாட்டு மொழியிலோ சொன்னால், கேட்கிற ஏழு வயதுப் பிள்ளைக்கு அது மரியாதைச் சொல்லாகக் கேட்காது. வருவதாகக் கொடுத்த வாக்காகத்தான் கேட்கும். 'எப்போ வருவீங்க?' என்பது அடுத்த கேள்வி. 'கர்த்தருக்குச் சித்தமானால் சீக்கிரம்' என்கிறோம். பெரியவர்கள் காதில் அது 'தெரியாது' என்று விழும். பிள்ளை 'சீக்கிரம்' என்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறது. நாம் வராமல் போனால், வருவது கர்த்தருக்கு இஷ்டமில்லை என்று அது முடிவு கட்டிவிடும். விசுவாசத்தைக் கற்றுக்கொடுக்கப் போனவர்கள் செய்யக்கூடிய பெரிய தீங்கு இதுதான் என்பேன். நம்மால் காப்பாற்ற முடியாத வாக்கைக் கடவுள் பேரில் எழுதிவைக்கக் கூடாது.

நான்கு வாக்கியம் போதும். 'வெள்ளிக்கிழமை நான் என் வீட்டுக்குப் போகிறேன். மறுபடி இங்கே வந்து தங்கமாட்டேன். நீ எதுவும் தப்பாகச் செய்ததால் நான் போகவில்லை. இந்த அம்மா உன்னோடு இங்கேயே இருப்பார்.' நான்காவதைச் சொல்லும்போது, பிள்ளைகளோடு தங்கி அவர்களைப் பராமரிக்கும் இல்லத்தாய் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்த நாட்டு மொழியில் இதைத் தமிழ் எழுத்தில் ஒரு அட்டையில் எழுதிவைத்து, முன்கூட்டியே இல்லத்தாயிடம் சொல்லிக்காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பாளரை நம்பினால் ஒரு சிக்கல் உண்டு. பிள்ளை முகம் வாடுவதைப் பார்த்ததும் அவர் இரக்கப்பட்டு, 'அழாதே, அடுத்த வருஷம் வருவாங்க' என்று தாமாகவே சேர்த்துவிடுவார். நமக்கு மொழி தெரியாததால் அது நம் கவனத்துக்கே வராது. நான்கு வாக்கியத்தையும் அவரிடம் முதல் நாளே கொடுத்து, இதற்கு மேல் எதுவும் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் இல்லப் பொறுப்பாளர்:

பிரதர் சொன்னதோடு, எப்போது சொல்வது என்பதையும் சேர்க்கிறேன். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இரண்டு மூன்று நாள் முன்பு சொன்னால் போதும். அதற்கு முந்தினால் தினமும் காலையில் 'இன்னைக்கா?' என்று தவிப்பார்கள். ஆறிலிருந்து ஒன்பது வயதுக்கு ஒரு வாரம், பத்துக்கு மேல் இரண்டு வாரம். ஓராண்டு தங்கியவர் என்றால் பெரிய பிள்ளைகளுக்கு ஒரு மாதம் வேண்டும். மொத்தமே இரண்டு வாரம் தங்குகிறவர், வந்த அன்றைக்கே எத்தனை நாள் இருப்பார் என்று சொல்லிவிட வேண்டும்.

ஏட்டளவில் இது சரி. எல்லா வயதும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இல்லத்தில், பெரியவர்களிடம் சொன்னது சாயங்காலத்துக்குள் சின்னவர்கள் காதுக்குப் போய்விடும். அதுவும் பாதிச் செய்தியாகப் போகும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரே நாளில் எல்லோருக்கும் சொல்லிவிடுவதே நல்லது. காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு சொல்லுங்கள். ராத்திரி படுக்கப் போகும்போது சொன்னால், பிள்ளை அதைத் தனியாகப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு கிடக்கும்.

சின்னவர்களுக்கு நாள் கணக்கு புரியாது. மீதி இருக்கும் நாளுக்கு ஒன்றாக வண்ணக் காகித வளையங்களைக் கோத்து ஒரு சங்கிலி செய்து, தினம் ஒன்றைக் கிழித்தால் கண்ணுக்குத் தெரியும்.

வேலைகளையும் படிப்படியாகக் கைமாற்ற வேண்டும். குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது, காய்ச்சலில் பக்கத்தில் உட்காருவது மூன்றும் முதல் நாளிலிருந்தே இல்லத்தாயின் வேலைகள். தன்னார்வலர் அதில் கைகொடுத்திருந்தால், கடைசி ஐந்து நாளில் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். முதல் இரண்டு நாள் இருவரும் சேர்ந்து செய்யலாம். அடுத்த இரண்டு நாள் இல்லத்தாய் செய்வார், தன்னார்வலர் கதவருகே நிற்பார். ஐந்தாம் நாள் அந்த அறைக்கே போகக் கூடாது. கைக்குழந்தைகளுக்குப் பால் புட்டி கொடுக்கும் வேலையைக் குறுகிய காலத்துக்கு வருகிறவரிடம் ஒப்படைக்கவே கூடாது.

ஞாயிறு பள்ளி ஆசிரியை:

சங்கிலி நல்ல வழிதான், ஆனால் சொதப்பவும் செய்யும். வளையம் தீராவிட்டால் ஆள் போகமாட்டார் என்று நினைத்து, ஒரு பிள்ளை அதை ஒளித்துவைக்கும். இன்னொன்று கோபத்தில் நாலைந்தைச் சேர்த்துக் கிழித்துவிடும். அதனால் படுக்கையறையில் மாட்டாதீர்கள். சாப்பாட்டுக் கூடத்தில், கை எட்டாத உயரத்தில் தொங்கவிட்டு, மாலை ஜெபத்துக்குப் பிறகு எல்லோரும் பார்க்க ஒன்றைக் கிழியுங்கள். கிழிக்கும் பிள்ளையை இல்லத்தாய் தேர்ந்தெடுக்கட்டும்.

சங்கிலி புறப்படும் நாளோடு முடியக் கூடாது, சிஸ்டர். வேறு நிறத்தில் இன்னும் மூன்று வளையம் சேருங்கள். ஒவ்வொன்றிலும் அந்தந்த நாளில் நிச்சயமாக நடக்கப்போகும் ஒன்றை எழுதுங்கள்: பந்து விளையாட்டு, ஒரு பிள்ளையின் பிறந்தநாள், பாட்டுப் பயிற்சி. போனவருக்குப் பிறகும் நாள் இருக்கிறது என்று சின்னப் பிள்ளைக்கு வாயால் விளக்க முடியாது. சுவரில் தொங்கும் வளையம் விளக்கும்.

சிறுவர் மனநல ஆலோசகர்:

ஏன் இத்தனை கவனம் என்றால், பிரிவை எதிர்கொள்ளும் சின்னப் பிள்ளையின் அமைதியைப் பெரியவர்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 1950-களில் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஜேம்ஸ் ராபர்ட்சனும் ஜான் போல்பியும், பெற்றோரை விட்டு மருத்துவமனையில் இருந்த குழந்தைகளைக் கவனித்து மூன்று நிலைகளைச் சொன்னார்கள். முதலில் அழுது எதிர்ப்பது, பிறகு நம்பிக்கை இழந்து ஒடுங்குவது, கடைசியில் ஒட்டாமல் விலகிவிடுவது. மூன்றாம் நிலையைப் பார்த்து 'பழகிட்டான்' என்று சந்தோஷப்படுவார்கள். உண்மையில் பிள்ளை எதிர்பார்ப்பதையே நிறுத்தியிருக்கும்.

இதன் மறுபக்கம், வந்திறங்கிய பத்தாம் நிமிடம் மடியில் ஏறி உட்காரும் பிள்ளை. 'எவ்வளவு பாசம்!' என்று குழு உருகுகிறது. முன்பின் தெரியாத எவரோடும் தயங்காமல் ஒட்டிக்கொள்வது நிறுவனங்களில் வளர்ந்த குழந்தைகளிடம் அதிகம் காணப்படுவது. ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் 2000-இல் தொடங்கி 136 பிள்ளைகளைத் தொடர்ந்த ஆய்வும் இதைப் பதிவு செய்தது. 2013-இல் வந்த அமெரிக்க மனநல வகைப்பாடு, இதன் கடுமையான வடிவத்தைத் தனிக் கோளாறாகவே வைத்தது. ஒட்டிக்கொள்கிற எல்லாப் பிள்ளைக்கும் கோளாறு என்று சொல்லவில்லை. வந்து வந்து போகிறவர்களின் வரிசையில் நாமும் ஒருவர் என்பது மனதில் இருந்தால், தூக்கி வைத்துக்கொள்வதற்குப் பதில் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைவோம். பிரிவது அங்கேயே பாதி சுலபமாகிவிடும்.

பெற்றோரிடம் வளர முடியாத பிள்ளைகளுக்காக 2009-இல் ஐ.நா. ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள் பிள்ளைக்கு நிலையான பராமரிப்பாளர் வேண்டும் என்பதை வலியுறுத்தின. 2019-இல் பொதுச்சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானம், அநாதை இல்லத் தன்னார்வப் பயணங்களால் வரக்கூடிய தீங்கைத் தனியாகக் குறிப்பிட்டது. ஒரு குழு போய் அடுத்த நாளே இன்னொரு குழு வரும்படி அட்டவணை போடும் மிஷன்கள் இதைப் படிக்க வேண்டும். குழுக்களைச் சமையல், கூரை வேலை, பணியாளர் பயிற்சி என்று திருப்பிவிட்டால், பிள்ளைகள் இத்தனை முறை விடைகொடுக்க வேண்டியிருக்காது.

நாள் நெருங்கும்போது படுக்கையில் சிறுநீர் போவது, சாப்பிட மறுப்பது, நேற்றுவரை ஒட்டியவரையே அடிப்பது, 'போ, நீ எனக்கு வேண்டாம்' என்பது எல்லாம் எதிர்பார்க்க வேண்டியவை. அடிக்கிற பிள்ளையிடம் 'இத்தனை செய்தேனே' என்று சொல்லிவிடாதீர்கள். 'நான் போவது உனக்குக் கோபமாக இருக்கிறது. பரவாயில்லை' என்றால் போதும். இல்லத்தாய்க்கு ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் நாலைந்து வரி எழுதிக் கொடுங்கள்: எந்தப் பாட்டுக்கு அடங்குவான், எதற்குப் பயப்படுவாள், எந்தப் பெயர் பிடிக்கும்.

இன்னொன்று, இது முக்கியம். நெடுநாள் மறைத்த கொடுமையைச் சில பிள்ளைகள் கடைசி இரண்டு நாளில்தான் சொல்வார்கள். 'யாருக்கும் சொல்லமாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். குறுக்குக் கேள்வி கேட்காமல், பிள்ளை சொன்ன சொற்களையே எழுதி, அன்றைக்கே குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். புகாரே அவரைப் பற்றியது என்றால், அவருக்கு மேலுள்ளவரிடம். விமானம் ஏறிய பிறகு மின்னஞ்சல் அனுப்பலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

குழந்தைகள் இல்லப் பொறுப்பாளர்:

விடைபெறும் கூட்டம் பற்றி. புறப்படும் நாளுக்கு முந்தைய மதியம், முப்பது நாற்பது நிமிடம். விளையாட்டு, இரண்டு பாட்டு, குழுப் புகைப்படம், ஜெபம். இந்த வரிசையில் ஜெபம் கடைசியில் வருவதால், அழுகை வந்தாலும் அதற்கு ஒரு இடம் கிடைக்கிறது. அப்போஸ்தலர் 21-ஆம் அதிகாரத்தில் தீரு பட்டணத்தார் பிள்ளைகளோடு கடற்கரைவரை வந்து, முழங்கால்படியிட்டு ஜெபித்து, பவுலை வழியனுப்பினார்கள். அவர் அங்கே தங்கியது ஏழே நாள். வழியனுப்பியவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். நம் கூட்டத்திலும் போகிறவருக்காகப் பிள்ளைகள் ஜெபிக்கட்டும். கைவிடப்பட்ட பிள்ளை என்ற இடத்திலிருந்து அனுப்பிவைக்கிற பிள்ளை என்ற இடத்துக்கு அது அவர்களைக் கொண்டுவரும். கட்டாயப்படுத்தாதீர்கள், விரும்பாதவர் சும்மா நிற்கலாம். கண்ணீர் வந்தால் துடைத்துக்கொள்ளலாம். விம்மி அழ வந்தால் வெளியே போய்விட வேண்டும், பிள்ளை நம்மைத் தேற்றும்படி விடக் கூடாது.

பரிசு எல்லோருக்கும் ஒரே மாதிரி, இல்லத்தின் வழியாக மட்டும். ஒரு பிள்ளைக்குத் தனியாகக் கடிகாரம் கொடுத்தால், அது மறுநாள் பிடுங்கப்படும் அல்லது பொறாமைக்குக் காரணமாகும். மிகச் சிறந்த பரிசு குழுப் புகைப்படம்தான். நான்குக்கு ஆறு அங்குலத்தில் பிள்ளைக்கு ஒன்று, லேமினேட் செய்து. இல்லத்து ஆல்பத்துக்கு இன்னொன்று. கோபத்தில் கிழித்துவிட்டு, பிறகு கேட்கிற பிள்ளைக்கு ஆல்பத்துப் படம் உதவும். பிள்ளைகள் முகத்தைச் சமூக ஊடகத்தில் போட வேண்டாம், சபையில் சாட்சி சொல்லும்போதும் பெயரும் கதையும் வேண்டாம்.

ஒருங்கிணைப்பாளர்:

விமானம் விடியற்காலை மூன்று மணிக்கு என்றால், தூங்கும்போது நழுவிவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். 'நீ எழுந்திருக்கும்போது நான் இருக்கமாட்டேன்' என்று முந்தின மாலையே சொல்லிவிட்டால், ராத்திரி எழுப்பத் தேவையில்லை. சொல்லாமல் போனால், அதன் பிறகு பிள்ளை தூங்கவே பயப்படும். பகல் பயணம் என்றால், வண்டி வளாகத்துக்கு வெளியே நிற்கட்டும். பள்ளி மணி அடித்து, பிள்ளைகள் அடுத்த வேலைக்குப் போகிற நேரத்தில், இல்லத்தாய் கையைப் பிடித்திருக்க, ஒரே ஒரு முறை கையசைத்துவிட்டு நடங்கள். மறந்த பொருளுக்காகத் திரும்பி வராதீர்கள், யாராவது எடுத்து வரட்டும்.

ஞாயிறு பள்ளி ஆசிரியை:

தொலைபேசி எண்ணோ வாட்ஸ்அப்போ எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கக் கூடாது, எழுதுவது மிஷன் அலுவலகம் வழியாகத்தான். மாதாமாதம் எழுதுவதாகச் சொல்லாதீர்கள். ஒரே ஒரு அட்டை வரும் என்று சொல்லி, ஊர் சேர்ந்த முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். தபால் தாமதமாகும் நாடு என்றால் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி அச்செடுக்கச் சொல்லலாம். 'பிள்ளைகள் எல்லோருக்கும்' என்று தொடங்கி, நல்லபடியாகச் சேர்ந்ததை ஒரு வரியிலும், அவர்கள் கற்றுக்கொடுத்த பாட்டின் பெயரை ஒரு வரியிலும், இல்லத்தாயின் பெயரைச் சொல்லி ஒரு நன்றியையும் எழுதுங்கள். சாப்பாட்டுக் கூடத்தில் சங்கிலி தொங்கிய இடத்திலேயே அதை ஒட்டச் சொல்லுங்கள்.