புதுப்பிப்பு: முதல் பெயின்ட்பால் மார்க்கர் (சாயக் குண்டு சுடும் துப்பாக்கி) வாங்கியாச்சு

முதல் மார்க்கர் எலக்ட்ரானிக்கா, மெக்கானிக்கலா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. "பேட்டரித் தொல்லையே வேண்டாம், டிப்மேன் 98 கஸ்டம் என்ற பழைய மெக்கானிக்கல் மார்க்கர் கிடைத்தால் எடுங்கள்" என்றவர் பேச்சைத்தான் கேட்டேன். மூன்று ஞாயிறு ஆடியாச்சு. கனம்தான், ஆனால் ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை.

எதிர்பாராத ஒன்று: முதல் நாள், குண்டைத் தள்ளும் வாயு சிலிண்டரை மாட்டியதும் புஸ்ஸென்று கசிவு. மார்க்கரே போச்சு என்று பதறிவிட்டேன். பார்த்தால், சிலிண்டர் வாயில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் கீறல். புதிதாக ஒன்று போட்டதும் சரி.

அப்புறம், குளிர்ந்த காலையில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை நம்பாதீர்கள். அடுத்தடுத்துச் சுட்டால் அழுத்தம் இறங்கி, குண்டு பாதியிலேயே விழுகிறது. அழுத்தக் காற்று சிலிண்டருக்கு மாறினேன். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் இப்போது நொடிக்கு 280 அடியை ஒட்டியே காட்டுகிறது.