மெய்த்துயர்க் கோளாறு: ஒரு சொல்லாக்கப் பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம்.

சோதனைகளில் காரணம் புலப்படாத வலி, மயக்கம், கைகால் தளர்ச்சி முதலியவை நீடிக்கும் உளநலக் கோளாறுகளுக்கு இக்கலந்துரையாடல் இழையில் ‘போலிநோய்’, ‘மனப்பிரமை நோய்’, ‘உளவழி உடல்நோய்’, ‘உடல்வயமாதல்’ ஆகிய சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. முதல் இரண்டையும் நாம் ஏற்கவே கூடாது. ஆதாயத்துக்காக நோயாளிபோல் நடிப்பவரை மருத்துவம் இக்கோளாறு உள்ளவர்களிலிருந்து தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. இக்கோளாறு உள்ளவர்கள் வலியை உண்மையாகவே உணர்கிறார்கள். ‘போலி’ என்று மருத்துவச் சீட்டில் ஏறிவிட்டால் அதன்பின் வீட்டாரும் அவர் சொல்லை நம்பமாட்டார்கள்.

‘உளவழி உடல்நோய்’ பண்பான சொல்தான். ஆனால் அது காரணத்தையும் சேர்த்தே தீர்ப்பளித்துவிடுகிறது. இதில் முன்பே ஒருமுறை தவறு நேர்ந்திருக்கிறது. இக்கோளாறுகளுக்கு முன்பு வழங்கிய ‘ஹிஸ்டீரியா’ என்பது கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர். கருப்பையே காரணம் என்ற கருத்து வீழ்ந்த பிறகும், இது பெண்களின் நோய் என்ற பழியை அந்தப் பெயர் நெடுங்காலம் சுமந்து திரிந்தது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடான டிஎஸ்எம்மின், 1980இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு (டிஎஸ்எம்-3) அப்பெயரை விலக்கியது. 2013இல் வந்த டிஎஸ்எம்-5 இன்னும் ஒரு படி சென்று, இவ்வகையின் முதன்மைக் கோளாறுக்கு ‘மருத்துவக் காரணம் விளங்காமை’ என்ற நிபந்தனையையே நீக்கிவிட்டது. உடல் அறிகுறி தரும் துன்பமும், அதைச் சுற்றி அளவுமீறி எழும் அச்சமும் கவலையும், அவை பொதுவாக ஆறு மாதங்களுக்கு மேல் நீடிப்பதுமே இப்போது கணக்கில் கொள்ளப்படுகின்றன. ஆகவே, இதயநோய் உறுதிசெய்யப்பட்ட ஒருவருக்கும் இக்கோளாறு இருக்கலாம்.

நான் முதலில் நாடிய சொல் ‘மெய்ப்பாடு’. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதைத் தொல்காப்பியம் எட்டாக வகுத்த சொல் அது. எனக்கு மிகவும் பிடித்த சொல்லும்கூட. எனினும் உள்ளமே ஊற்று என்று அதுவும் முன்கூட்டியே சொல்லிவிடுவதால், மனமில்லாமலே கைவிட்டேன்.

அதிலிருந்து ‘மெய்’யை மட்டும் எடுத்துக்கொண்டு ‘மெய்த்துயர்க் கோளாறு’ என்று பரிந்துரைக்கிறேன். உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாடான ஐசிடி-11 இவ்வகைக்கு வைத்துள்ள பெயரின் பொருளும் உடல்சார் துயர் என்பதே. மெய் என்றால் உடல். மெய் என்றால் உண்மை. காரணம் எதுவாயினும் துயர் பொய்யன்று என்பதை வேறெந்த விளக்கமும் இன்றி இச்சொல்லே நோயாளிக்குச் சொல்லிவிடும்.

கைகால் தளர்ச்சி, வலிப்பு போன்று வருவனவற்றுக்குத் தனிப்பெயர் வேண்டும். மன முரண்பாடு உடல் அறிகுறியாக மாறுகிறது என்ற பழைய கொள்கையைத் தாங்கிய ‘மாற்றக் கோளாறு’ இங்கு உதவாது. தளர்ந்த காலைக் கட்டிலில் அழுத்தச் சொன்னால் அதில் வலுவிராது. மற்றொரு காலை, மருத்துவர் கையால் தடுக்கத் தடுக்க, உயர்த்தச் சொன்னாலோ, தளர்ந்த கால் தானாகவே வலுவுடன் அழுந்தும். 1908இல் ஹூவர் என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்த இந்த அடையாளம், நரம்புப் பாதை சிதையவில்லை, அதன் இயக்கமே பிறழ்ந்துள்ளது என்பதைக் காட்டுகிறது. எனவே ‘செயற்பாட்டு நரம்பியல் கோளாறு’ பொருந்தும்.

உளத்துயர் உடலில் வெளிப்படும் நிகழ்வைக் குறிக்க ‘மெய்ப்படுதல்’ ஆகாது. அது நனவாதல் என்ற பொருளில் நிலைத்துவிட்டது. அந்நிகழ்வுக்கு மட்டும், ஏற்கெனவே முன்மொழியப்பட்ட ‘உடல்வயமாதல்’ என்பதையே வைத்துக்கொள்ளலாம்.