பொருள்: குறைப்படகுக் கையேடு – ‘ஃபெயரிங்’ என்பதற்குத் தமிழ்ச் சொல்

எல்லோருக்கும் வணக்கம்.

கையேட்டின் மூன்றாம் அத்தியாயத்துக்கு வந்துவிட்டோம். ஒருவர் வீட்டு வளவில் தொடங்கிப் பாதியில் விட்ட பாய்ப்படகை இன்னொருவர் பொறுப்பெடுத்து முடிப்பது பற்றியது. அப்படியான படகுக்குக் ‘குறைப்படகு’ என்பது முடிவாகிவிட்டது. ‘அரைகுறைப் படகு’ செய்தவரைப் பழிப்பதுபோல் ஒலித்ததால் அதை விட்டோம்.

இப்போது இடறுவது ‘ஃபெயரிங்’, அதாவது மேடு பள்ளமின்றித் தொடர்ந்து வளையும்படி படகுடலைத் திருத்துகிற வேலை. இதுவரை வந்தவை: வழுவழுப்பாக்கல், சீர்வளைவாக்கல், நெளிவெடுத்தல். எனக்கு ‘வழுவழுப்பாக்கல்’ போதும் என்று படுகிறது. வாசிப்பவருக்கு உடனே விளங்கும். ஒலிபெயர்த்துப் ‘பெயரிங்’ என்று எழுதினால் ‘பெயர்’ என்ற சொல்லோடு ஒட்டித்தான் வாசிக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன் கருத்துச் சொல்லுங்கோ.

*

> எனக்கு ‘வழுவழுப்பாக்கல்’ போதும் என்று படுகிறது.

தம்பி, போதாது. அந்தச் சொல்லைப் போட்டால் வாசிக்கிறவர் படகைக் கெடுத்துப்போடுவார்.

வழுவழுப்பு விரல் நுனிக்குத் தெரிவது. ஃபெயர் என்கிற பண்பு கண்ணுக்கும் தண்ணீருக்கும் தெரிவது. 400 இலக்க அரத்தாள் போட்டுத் தேய்த்த ஒட்டுப்பலகை கண்ணாடி மாதிரி இருக்கும். அதே படகின் அணியத்தில், அதாவது முன்முனையில், முகத்தை வைத்துப் பின்பலகை வரை பார்த்தால், உள்ளே குறுக்குச் சட்டமாய் இருக்கிற ஒவ்வொரு வங்கும் மெலிந்த மாட்டின் விலாப்போல எழும்பி நிற்கும். 40 இலக்கத் தாள் கீறிய சொரசொரப்போடு இருக்கிற இன்னொரு படகுடலில் பார்வை எங்கேயும் தடங்காமல் போய்ச் சேரும். இரண்டாவதுதான் ஃபெயர்.

‘வழுவழுப்பாக்கு’ என்று எழுதினால் ஆள் சுழல்தட்டு இயந்திரத்தைத்தான் தூக்குவார். 12 சென்ரிமீற்றர் தட்டு மேட்டில் ஏறும், பள்ளத்துக்குள்ளும் இறங்கும். மேடு பள்ளம் அப்படியே இருக்கும். கண்ணாடியிழைத் துணிதான் அறுந்துபோகும். அதற்குக் கீழே 6 மில்லிமீற்றர் பலகையின் மேலடுக்கு மிக மெல்லியது, அதுவும் போய்விடும்.

‘நெளிவெடுத்தல்’ பாத்திரக்கடைச் சொல். அடிபட்டு உள்ளே போன இடத்தை வெளியே எடுப்பதற்கு நல்லது. குறைப்படகில் வருகிற பிழை பெரும்பாலும் நெளிவு அல்ல, வளைய வேண்டிய இடம் தட்டையாய் நிற்பது. ஒட்டுப்பலகை இரண்டை முட்டவைத்து உள்ளே ஒரு துண்டு அறைந்து மூட்டியிருந்தால் அந்த மூட்டு வளையாது. அதன் இரண்டு பக்கமும் கூடுதலாய் வளையும். 1:8 சரிவில் சீவி ஒட்டியிருந்தால், அதாவது 6 மில்லிமீற்றர் பலகைக்கு 48 மில்லிமீற்றர் சரிவு, பலகை ஒரே துண்டுபோல் வளையும். பொறுப்பெடுக்க முன் உள்ளே குனிந்து முதலில் பார்க்க வேண்டியது இந்த மூட்டுகளைத்தான்.

என் முன்மொழிவு ‘ஓட்டம்’. கோட்டின் ஓட்டம் என்று தமிழில் சொல்கிறோம், கோலத்துக்கும் சொல்கிறோம், சித்திரத்துக்கும் சொல்கிறோம். ‘இந்த உடலுக்கு ஓட்டம் இருக்கு’, ‘மூன்றாம் வங்கில ஓட்டம் முறியுது’, ‘ஓட்டம் திருத்த வேணும்’. பெயர், வினை, எதிர்மறை மூன்றும் பேச்சுக்குள் அடங்கிவிடுகின்றன.

*

ஐயாமாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

‘சீர்வளைவு’ பற்றி யாரும் பேசவில்லை. கேட்க இனிமையாக இருப்பதால் அது நுழைந்துவிடும் அபாயம் இருக்கிறது, ஆகவே சொல்கிறேன். சீரான வளைவு என்றால் எங்கும் ஒரே அளவாக வளைவது. கணிதத்தில் அது வட்டத்தின் வில். படகின் நீர்க்கோடு அப்படி அல்ல. அணியத்தில் கிட்டத்தட்ட நேராகத் தொடங்கி, நடுவில் கூடுதலாக வளைந்து, பின்னே மெல்ல நிமிர்கிறது. வளைவு மாறலாம், மாறத்தான் வேண்டும். திடீரென மாறக்கூடாது, அவ்வளவே. ‘சீர்வளைவு’ தவறான பொருளைக் கற்பிக்கும் சொல்.

‘ஓட்டம்’ அந்த மாற்றத்தையும் தொடர்ச்சியையும் சேர்த்தே தருகிறது. ஆனால் கடலில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலையும் இருக்கிறது. நீரோட்டம் ஓட்டந்தான், படகின் வேகமும் ஓட்டந்தான். ‘இந்தப் படகின் ஓட்டம் நல்லது’ என்றால் வேகமா, வடிவமா? அகராதித் தலைச்சொல்லாக ‘வளைவோட்டம்’ என்று வைக்கலாம். ‘வளையோட்டம்’ இலக்கணப்படி அழகான வினைத்தொகை, ஐகாரத்தின் பின் யகர உடம்படுமெய்யும் முறையாக வருகிறது. ஆயினும் வளை என்பதை நண்டு வளையாக எண்ணுவதற்கு இங்கே ஆட்கள் உண்டு. வளைவோட்டமே மேல்.

கடற்சொற்களில் பிறமொழி கூடாது என்பது என் வாதமல்ல. சுக்கான் அரபியிலிருந்து வந்தது. அதை யாரும் வெளியேற்றப் போவதில்லை. ஃபெயரிங் நம் எழுத்தில் தன் ஒலியை இழக்கிறது, அதனால்தான் வேண்டாம் என்கிறேன். அமெரிக்க மிசனைச் சேர்ந்த கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தபோது மாணவன் கை வைத்துச் செய்யும் வேலைக்குச் சொல் தேட வேண்டியிருந்தது. நமக்கும் அதே நிலை. ஏரா (அடிமரம்), வங்கு, பருமல் (பாய் கட்டும் குறுக்குக்கழி), தாமான் (பாயை இழுக்கும் கயிறு), கலப்பத்து (பலகை இடுக்கு அடைத்தல்) என்று சொற்கள் ஏற்கெனவே கிடக்கிற கரை இது. 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்த அன்னபூரணி வல்வெட்டித்துறையில் கட்டிய கப்பல். புதுச்சொல்லும் பட்டறையில் நின்று சொல்லிப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

*

> அகராதித் தலைச்சொல்லாக ‘வளைவோட்டம்’ என்று வைக்கலாம்.

ஐயா சொன்னது சரி. தலைச்சொல் வளைவோட்டம், பட்டறையில் ஓட்டம். கூட்டுச்சொற்களில் சுருக்கமே வரட்டும்.

ஒரு எல்லையைக் கையேடு கட்டாயம் கீற வேண்டும். முறுக்கு வேறு, ஓட்டம் வேறு. இரண்டு குத்தியில் வருடக்கணக்காய்க் கிடந்த படகு ஒரு தோள் ஏறி மறுதோள் இறங்கி நிற்கும். ஒவ்வொரு பக்கமும் தனித்தனியே ஓட்டமாய்த்தான் தெரியும். அணியத்தின் நடுவிலிருந்து பின்பலகையின் இரண்டு மூலைக்கும் நூல் பிடித்து அளக்க வேண்டும். மேசன்மார் பாவிக்கிற நீர்மட்டக் குழாயை இரண்டு விளிம்புக்கும் குறுக்கே பிடிக்க வேண்டும். 5 மீற்றர் படகில் 5 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்தால், தடுப்புப்பலகைகளும் மேற்தட்டும் ஒட்ட முன்னரே முட்டுக்கொடுத்து நேராக்க வேண்டும். ஒட்டியபின் முறுக்கு வராது, போகாது. நிரப்புக் களி பூசி முறுக்கை மறைக்கிறவர்கள் உண்டு. பாரம் ஏறும், படகு ஒரு பக்கம் இழுக்கும்.

பிறகு பலகை. கரையோரத்தில் படகைப் பழுதாக்குவது உப்புத்தண்ணீரைவிட உள்ளே தேங்கிய மழைத்தண்ணீர். ஏராவின் இரண்டு பக்கமும், பின்பலகையின் அடியும் கம்பியால் குத்திப் பார்க்க வேணும். மரச்சுத்தியலால் தட்டினால் நல்ல பலகை கணீரென்னும், அடுக்கு விட்ட பலகை மந்தமாய்ச் சத்தமிடும். நிலத்தில் முட்டிக்கொண்டிருந்த குத்திகளில் கறையான் மண் இருக்கா என்றும் பாருங்கோ. உழுத்த பலகைக்கு ஓட்டம் திருத்துவது வீண்வேலை.

முன்னவர் பாவித்த பிசின் எபொக்சியா பொலியெஸ்டரா என்பதையும் அறிய வேண்டும். ஒரு மூலையைத் தேய்த்து மணந்து பாருங்கோ. பொலியெஸ்டர் என்றால் பைபர்கிளாஸ் பட்டறையின் காரமான மணம் வரும். எபொக்சிக்கு மேல் பொலியெஸ்டர் நன்றாய்ப் பிடிக்காது. மாறிப் போட்டால் பிடிக்கும். பழைய எபொக்சியில் மெழுகுபோல் ஒரு படலம் பூத்திருக்கும். அதைத் தேய்க்க முன் தண்ணீரும் உரஞ்சியும் போட்டுக் கழுவ வேண்டும். கழுவாமல் தேய்த்தால் படலம் கீறல்களுக்குள் இறங்கும். அடுத்த பூச்சு உரியும்.

இனி ஓட்டம். கருவி இரண்டு. ஒன்று ‘ஓட்டச்சலாகை’, கூரைச் சலாகை என்ற சொல் எல்லாருக்கும் தெரிந்ததால் விளக்கம் தேவையில்லை. முடிச்சில்லாத நேர்நார் மரம், 12க்கு 18 மில்லிமீற்றர், ஒரே நேரத்தில் குறைந்தது மூன்று வங்கைத் தாண்டுகிற நீளம். உடலில் சாய்த்து அழுத்தினால் சலாகைக்குக் கீழே வெளிச்சம் தெரிகிற இடம் பள்ளம், சலாகை ஆடுகிற இடம் மேடு. பென்சிலால் வட்டமிட வேண்டும். மம்மல் பொழுதில் லாம்பைப் பக்கவாட்டில் பிடித்தால் பகலில் ஒளித்தது எல்லாம் நிழலாய் வரும்.

இரண்டாவது ‘ஓட்டப்பலகை’. 4 முதல் 6 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை, 60 முதல் 90 சென்ரிமீற்றர் நீளம், இரண்டு அந்தத்திலும் பிடி, அடியில் 40 அல்லது 60 இலக்க அரத்தாள். உடலோடு வளைய வேணும், ஆனால் பள்ளத்துக்குள் இறங்கக்கூடாது. 45 பாகை சரிவில் ஒரு வழி, பிறகு மறு வழி. நேர்நேராய்த் தேய்த்தால் வாய்க்கால் விழும். முழுவதும் பென்சிலால் கிறுக்கிவிட்டுத் தேய்த்தால், கிறுக்கல் மிஞ்சிய இடமே பள்ளம்.

துணி போடாத உடலில் மேட்டைச் சீவுளியால் எடுக்கலாம். துணி போட்ட உடலில் மேட்டைத் தொடக்கூடாது. சுற்றியிருக்கிற பள்ளத்தை நிரப்பி மேட்டை மறைக்க வேண்டும். இழை தெரிந்த உடனே கை நிற்க வேணும்.

நிரப்புவதற்கு ‘ஓட்டக்களி’. எபொக்சியில் மைக்ரோபலூன் என்கிற நுண்ணிய வெற்றுக்குமிழித் தூளும், வழியாமல் நிற்கச் சிலிக்காத் தூளும் சேர்த்து, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதத்தில். வாகனத் திருத்தகக் களி கொழும்பிலிருந்து மலிவாய் வருகிறது. அதிலுள்ள தூள் நீர் குடிக்கும், நீர்க்கோட்டுக்குக் கீழே வேண்டாம். ஓட்டக்களி பாரம் தாங்காது என்பதையும் எழுத வேணும், மூட்டுகளுக்கு அதைப் பாவிக்கக்கூடாது.

எங்கட வெயிலில் வெப்பநிலை 10 பாகை ஏறினால் எபொக்சி இறுகும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும். 200 கிராமுக்கு மேல் ஒருமுறை கலக்காமல், தட்டையான தட்டில் பரப்பி வைக்க வேண்டும். வெறும் மரத்தில் முதல் பூச்சு பின்னேரம் வெக்கை இறங்கும்போதுதான். காலையில் பூசினால் பலகை சூடேற உள்ளே இருக்கிற காற்று விரிந்து பூச்சு முழுக்கக் குமிழி வரும். வாடை மாதங்களில் இரவுப்பனி படலத்தைக் கூட்டும், சோழகத்தில் புழுதி ஒட்டும். இரண்டுக்கும் கொட்டிலின் பக்கத்தை மறைக்க வேண்டியதுதான்.

*

அண்ணை, ஐயா, இருவருக்கும் நன்றி. ‘வழுவழுப்பாக்கல்’ முன்மொழிவை மீட்டுக்கொள்கிறேன். அச்சுக்குப் போகும் பதிவு இது:

வளைவோட்டம்: படகுடலின் கோடுகளும் பரப்பும் மேடு, பள்ளம், தட்டை, திடீர்த் திருப்பம் இன்றித் தொடர்ந்து வளையும் பண்பு. வழக்கில் ‘ஓட்டம்’. வழுவழுப்பு வேறு, முறுக்கின்மை வேறு. வினை: ஓட்டம் திருத்தல். எதிர்: ஓட்டமுறிவு. கருவிகள்: ஓட்டச்சலாகை, ஓட்டப்பலகை. நிரப்பு: ஓட்டக்களி.

‘ஓட்டமுறிவு’ நான் சேர்த்தது, அண்ணையின் ‘ஓட்டம் முறியுது’ என்பதிலிருந்து. மறுப்பு இருந்தால் எழுதுங்கோ. அத்தியாயத்தில் முறுக்கு, பலகை, பசை, ஓட்டம் என்ற வரிசையையும் அப்படியே வைக்கிறேன்.