புலம்பெயர்ந்த ஈரானியர் இடங்களில் மட்டுறுத்தல்: எதை நீக்கலாம்?

இளம்பரிதி

ஈரானை விட்டு வந்தவர்கள் இணையத்தில் கூடிப் பேசும் இடங்களில் வசவு தாங்க முடியவில்லை, கண்டிப்பான மட்டுறுத்தல் (பதிவுகளைப் பார்த்து வேண்டாததை நீக்குவது) வேண்டும் என்று மாலதி அக்கா பக்கத்துத் திரியில் சொல்லியிருந்தார். அங்கே பேச்சு வேறு பக்கம் போய்விட்டதால் தனித் திரி தொடங்குகிறேன். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

இவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பதை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. ஈரானில் ஒரு புத்தகம் அச்சாக வேண்டுமானால் கலாசார, இஸ்லாமிய வழிகாட்டல் அமைச்சகம் முன்கூட்டியே படித்து அனுமதி தர வேண்டும். 'எர்ஷாத்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 2001-இல் டொராண்டோவில் இருந்த ஹொசைன் தெராக்‌ஷான், பாரசீக மொழியில் வலைப்பதிவு தொடங்குவது எப்படி என்று எளிய வழிகாட்டி ஒன்றை எழுதினார். எர்ஷாதிடம் கேட்காமல் எழுத ஓர் இடம் கிடைத்ததும் ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்தார்கள். அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. 2003-இல் வலைப்பதிவர் சினா மொத்தலெபி கைதானார். 2009-இல் இன்னொரு வலைப்பதிவர் ஒமித் ரெஸா மிர்சயாஃபி தெஹ்ரானின் எவின் சிறையில் இறந்தார். 2012-இல் சத்தார் பெஹெஷ்தி காவலில் இறந்தார். அவர் ஒரு தொழிலாளி, அவருடைய வலைப்பதிவைப் படித்தவர்களும் அதிகம் இல்லை. தெராக்‌ஷான் 2008-இல் ஈரான் திரும்பிய இடத்தில் கைதாகி, 19 ஆண்டுகளுக்கு மேல் தண்டனை பெற்று, 2014-இல் மன்னிப்பு கிடைத்து வெளியே வந்தார்.

இதையெல்லாம் பார்த்து வந்த ஒருவரிடம் "உங்கள் கருத்து நீக்கப்பட்டது" என்று சொன்னால் அவருக்கு எர்ஷாத்தான் ஞாபகம் வரும். கெட்ட வார்த்தையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். யார் பேசலாம் என்பதை நாலு பேர் உட்கார்ந்து தீர்மானிப்பதைப் பொறுக்க முடியாது. அந்த நாலு பேருக்கும் ஒரு கட்சி இருக்கும். முடியாட்சிக்காரர் நடத்தும் இடத்தில் இடதுசாரியின் குரல் போகும், இடதுசாரி நடத்தும் இடத்தில் முடியாட்சிக்காரரின் குரல் போகும்.

மாலதி

தம்பி, நீங்கள் சொன்ன மரணங்கள் எதையும் நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் அரசு ஒருவரைச் சிறையில் போட்டுச் சாகடிப்பதும், ஓர் இடத்தை நடத்துபவர் ஒரு பின்னூட்டத்தை எடுப்பதும் ஒன்றாகாது. எர்ஷாத் மறுத்தால் அந்த நாட்டில் சட்டப்படி வேறு வழி இல்லை. இங்கே ஒருவர் நீக்கினால் அடுத்த இடத்தில் போய் எழுதலாம், சொந்தமாக ஓர் இடம் தொடங்கலாம். உங்கள் தெராக்‌ஷான் சொல்லிக்கொடுத்ததும் அதைத்தானே?

நீங்கள் பேசுகிறவரையே பார்க்கிறீர்கள். பேசாமல் ஒதுங்கிப் போனவரையும் கொஞ்சம் பாருங்கள். 2022 செப்டம்பர் 16-இல் ஹிஜாப் விதியை மீறியதாகக் கைதான மஹ்சா ஜினா அமினி இறந்த பிறகு, அக்டோபர் 22-இல் பெர்லினில் சுமார் 80,000 பேர் கூடினார்கள். புலம்பெயர்ந்த ஈரானியர் அவ்வளவு பேர் ஒரே இடத்தில் நின்று யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. அழைத்தவர் ஹமெத் எஸ்மாயிலியோன். 2020 ஜனவரியில் தெஹ்ரானுக்கு வெளியே ஈரானின் புரட்சிக் காவல்படை சுட்டு வீழ்த்திய விமானத்தில் இறந்த 176 பேரில் அவருடைய மனைவியும் மகளும் அடக்கம். 2023 பிப்ரவரியில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகக் கூட்டத்தில் 1979 புரட்சியில் வீழ்ந்த மன்னர் ஷாவின் மகன் ரெஸா பஹ்லவி, பத்திரிகையாளர் மசி அலிநெஜாத், நடிகை நாசனின் போனியாதி ஆகியோரோடு அவரும் ஒரே மேடையில் உட்கார்ந்தார். மார்ச்சில் அந்தக் கூட்டணியின் சாசனம் வந்தது. ஏப்ரலில் அவர் விலகிவிட்டார். வெளியிலிருந்து சில குழுக்கள் ஜனநாயகமற்ற வழிகளில் அழுத்தம் கொடுக்கின்றன என்று சொல்லிவிட்டே விலகினார். கூட்டணி அதோடு சரிந்தது.

வசவு ஒன்றால் மட்டும் அது உடைந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பஹ்லவியின் இடம் என்ன, யார் யாரைச் சேர்ப்பது என்ற தகராறும் இருந்தது. ஆனால் மகளைப் பறிகொடுத்த ஒரு மனிதரை அந்த மாதங்களில் எப்படியெல்லாம் ஏசினார்கள் என்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெண்கள் நிலை இன்னும் மோசம். "பெண், வாழ்வு, விடுதலை" என்று முழங்கிய இயக்கத்திலேயே, மாற்றுக் கருத்து சொன்ன பெண்ணுக்கு வந்ததெல்லாம் உடலைப் பற்றிய ஆபாசம். ஒரு பெண் அதைப் படித்துவிட்டு மறுநாள் எழுதாமல் இருந்தால், அவள் வாயை மூடியது யார்? மட்டுறுத்துநர் கை வைக்கவே இல்லையே!

தாரிக்

இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். நீக்கச் சொல்லிக் கேட்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும்.

2017 டிசம்பரில் ஈரானில் போராட்டம் வெடித்தபோது, பிரான்சில் இருந்த ருஹொல்லா ஸாம் நடத்திய ஆமத்நியூஸ் டெலிகிராமில் பெரிய சேனல். அதில் போலீஸ் மீது பெட்ரோல் குண்டு வீசச் சொல்லி அழைப்பு வந்தது. ஈரானின் தகவல் தொடர்பு அமைச்சரே புகார் சொன்னார். டெலிகிராம் சேனலை முடக்கியது. வன்முறைக்கு அழைப்பது விதிமீறல் என்று டெலிகிராம் நிறுவனர் பாவெல் துரோவ் விளக்கம் கொடுத்தார். நடத்தியவர்கள் வேறு பெயரில் திரும்பி வந்தார்கள்.

விதியாகப் பார்த்தால் அதில் தப்பு சொல்ல முடியாது. பெட்ரோல் குண்டு வீசச் சொல்வதை நானும் எடுப்பேன். ஆனால் புகார் கொடுத்த அரசு விதியையா மதிக்கிறது? சில மாதங்களில் டெலிகிராமையே நாடு முழுக்கத் தடை செய்தார்கள். 2019-இல் ஸாமை ஆசை காட்டி ஈராக்குக்கு வரவழைத்துப் பிடித்தார்கள். 2020 டிசம்பர் 12-இல் தூக்கிலிட்டார்கள். ஆக மட்டுறுத்துநர் நல்ல விதியை வைத்திருந்தாலும், முதலில் வந்து அதைப் பயன்படுத்துவது ஆட்சியின் கையாக இருக்கலாம்.

ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவிலும் இது நடந்தது. "காமெனிக்கு மரணம்" என்ற பதிவை வன்முறை மிரட்டல் என்று நீக்கினார்கள். ஈரானில் அது தெருவில் ஒலிக்கும் அரசியல் முழக்கம் என்று சொல்லி, மெட்டாவின் மேற்பார்வை வாரியம் 2023 ஜனவரியில் அந்த நீக்கத்தை ரத்து செய்தது. ஆனால் அந்தப் பதிவு 2022 கோடையில் போட்டது! அமினி இறந்து, தெருவெல்லாம் அந்த முழக்கம் எழுந்து, நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டு முடிந்த பிறகு தீர்ப்பு வருகிறது. ஊர் தெரியாத மட்டுறுத்துநரிடம் கத்தரிக்கோலைக் கொடுத்தால் இப்படித்தான்.

பாக்கியநாதன்

இவ்வளவு நீளம் எதற்கு? எல்லோரும் சொந்தப் பெயரில், சொந்தப் படத்தோடு எழுத வேண்டும் என்று ஒரே விதி வையுங்கள். வசவும் குறையும், வேஷமும் குறையும். அதன்பின் எதையும் நீக்க வேண்டியதில்லை.

மாலதி

பாக்கியநாதன் ஐயா, மன்னிக்க வேண்டும், இதைவிட ஆபத்தான யோசனை இருக்க முடியாது.

2009 போராட்டத்துக்குப் பிறகு புரட்சிக் காவல்படையின் கெர்தாப் தளத்தில் போராட்டக்காரர் படங்களைப் போட்டு, முகத்தைச் சுற்றி வட்டம் வரைந்து, அடையாளம் காட்டச் சொன்னார்கள். வெளிநாட்டில் இருப்பவர் சொந்தப் பெயரில் எழுதினால் வட்டம் வரையும் வேலைகூட அவர்களுக்கு மிச்சம். அவர் நியூயார்க்கில் இருக்கலாம், குடும்பம் அங்கேதானே இருக்கிறது? மசி அலிநெஜாதின் சகோதரர் 2019-இல் கைதாகி, அடுத்த ஆண்டு எட்டு ஆண்டுத் தண்டனை பெற்றார். அதற்கும் முன்பே சகோதரியை அரசுத் தொலைக்காட்சியில் உட்கார வைத்து அவரைத் தூற்ற வைத்தார்கள்.

பயம் ஆட்சியிடமிருந்து மட்டும் வருவதில்லை. ஷா காலத்து உளவு அமைப்பான சாவாக்கில் உயர் பொறுப்பில் இருந்த பர்விஸ் சாபெத்தி, பல ஆண்டு கண்ணில் படாமல் இருந்துவிட்டு 2023-இல் அமெரிக்காவில் ஓர் ஊர்வலத்தில் தென்பட்டார். 2025-இல் அவர் மீது ஃப்ளோரிடா நீதிமன்றத்தில் சித்திரவதை வழக்குத் தொடுத்த மூன்று முன்னாள் கைதிகள் பெயரை மறைத்தே தொடுத்தார்கள். ஷா ஆட்சி விழுந்து நாற்பத்தாறு ஆண்டு கழித்து, அமெரிக்க மண்ணில், நீதிமன்றத்திலேயே பெயர் சொல்ல அஞ்சுகிறவர்களிடம் போய்ச் சொந்தப் படத்தைப் போடு என்று எப்படிக் கேட்பது?

இளம்பரிதி

இதில் அக்காவோடு நூற்றுக்கு நூறு சேர்கிறேன். புனைபெயர் இல்லாமல் ஈரானியர் யாரும் மனம்விட்டுப் பேச முடியாது. புனைபெயரை உடைத்து ஆளைக் காட்டிக்கொடுக்கும் எதையும் உடனே எடுக்க வேண்டும். அதைக் கருத்து என்றே நான் எண்ணவில்லை. கருத்தில் கை வைக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி.

அருள்மொழி

அப்படியானால் "இவன் ஆட்சியின் ஆள்" என்று எழுதுவது கருத்தா, காட்டிக்கொடுப்பதா?

இந்த இடங்களின் உண்மையான நோய் இதுதான் என்று நினைக்கிறேன். பொருளாதாரத் தடை வேண்டாம் என்றால் முல்லாக்களின் தரகர். வேண்டும் என்றால் அமெரிக்காவின் கூலி. ஆட்சியை எதிர்க்கும் முஜாஹிதீன் கல்க் இயக்கத்தை விமர்சித்தால் உளவுத்துறை அனுப்பிய ஆள். பஹ்லவியை விமர்சித்தால் 1979 புரட்சியைக் கொண்டுவந்த கூட்டம். என்னோடு வேலை பார்க்கும் ஈரானியத் தோழி பாரசீகக் குழுக்களை எல்லாம் படிக்கிறாள், ஒரு வரியும் எழுத மாட்டாள். கெட்ட வார்த்தைக்கு அவள் பயப்படவில்லை. 'ஆட்சியின் ஆள்' என்ற முத்திரை ஒருமுறை விழுந்தால் போகாது என்கிறாள். வேலை கேட்டுப் போனாலும், திருமணத்துக்குப் போனாலும் கூடவே வரும் என்கிறாள். ஆதாரம் இல்லாத இந்த முத்திரையை நீக்குவதில் என்ன தயக்கம்?

இளம்பரிதி

தயக்கம் இருக்கிறது, ஏனென்றால் அந்தச் சந்தேகம் வெறும் பிரமை இல்லை. 1991-இல் ஷாவின் கடைசிப் பிரதமர் ஷாபூர் பக்தியாரைப் பாரிஸ் அருகே சுரேனில் வீட்டுக்குள்ளேயே ஆட்சியின் ஆட்கள் கொன்றார்கள். காவல் இருந்த வீடு. கொலையாளிகளை உள்ளே கூட்டிப் போனவன் அவருடைய நம்பிக்கைக்கு உரியவனாக இருந்த ஃபரெய்தூன் பொயெராஹ்மதி. அடுத்த ஆண்டு பான் நகரில் பாடகர் ஃபரெய்தூன் ஃபரொக்ஸாத் வீட்டில் குத்திக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் பெர்லின் மிகோனோஸ் உணவகத்தில் நான்கு பேர். ஈரானின் உயர்மட்டத்துக்கு அதில் பங்கு உண்டு என்று 1997-இல் ஜெர்மன் நீதிமன்றமே சொன்னது. "இந்த ஆளை நம்பாதே" என்று யாராவது பக்தியாரிடம் சொல்லியிருந்தால், அதையும் ஆதாரமில்லாத அவதூறு என்று அழித்திருப்பீர்களா?

இன்னொன்று. தேசிய ஈரானிய அமெரிக்கர் பேரவையை ஆட்சிக்காகப் பேசும் அமைப்பு என்று ஹசன் தாயியெஸ்லாம் எழுதினார். பேரவை 2008-இல் அவதூறு வழக்குப் போட்டது. 2012-இல் வழக்கு தள்ளுபடியானது. அவர் எழுதியது உண்மை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. பொய் என்று தெரிந்தோ, உண்மை பொய்யைப் பற்றிக் கவலைப்படாமலோ எழுதினார் என்று காட்ட முடியவில்லை, அவ்வளவுதான். நீதிமன்றமே அவ்வளவு இடம் விடுகிறது. மாலை நேரத்தில் சம்பளமில்லாமல் வேலை பார்க்கும் மட்டுறுத்துநர் அதைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டுமா?

அருள்மொழி

பக்தியாரைக் கொன்றவனை எந்தப் பின்னூட்டமும் பிடித்திருக்காது இளம்பரிதி. அப்படிப்பட்டவன் பொதுவெளியில் சந்தேகம் வரும்படி பேசவே மாட்டான். எல்லோரையும் விட உரக்க ஆட்சியைத் திட்டுபவனாகத்தான் இருப்பான். இந்த முத்திரை விழுவதெல்லாம் வெளிப்படையாக மாறுபட்டுப் பேசுகிறவர் மேல்தான். ஒருவரை ஒருவர் நம்பாமல் போனால் இலாபம் யாருக்கு? ஆட்சி அதற்கென்று ஆளே அனுப்ப வேண்டியதில்லை.

நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இருப்பார், ஆவணம் கேட்டு வாங்கலாம், பதில் சொல்ல நாள் கிடைக்கும். என் தோழிக்கு இதில் எது கிடைக்கும்?

தாரிக்

அருள்மொழி சொல்வது சரி. ஆனால் நீக்குவதற்குப் பதில் வேறு செய்யலாம். "ஆள்" என்று எழுதுகிறவர் எதை வைத்துச் சொல்கிறார் என்று அதே இடத்தில் கேட்க வேண்டும். ஒரு நாளுக்குள் சொல்லவில்லை என்றால் எடுக்கலாம். எடுத்த காரணத்தையும் அங்கேயே எழுதி வைக்கலாம். எர்ஷாத் பெரும்பாலும் காரணம் சொல்வதில்லை என்பதைத்தானே ஈரானிய எழுத்தாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்?

வாசகர் வாக்குக்கு விட்டுவிடலாம் என்று யாராவது சொல்லும் முன் பாலாத்தரினை நினைவூட்டுகிறேன். 2006-இல் தொடங்கிய அந்தத் தளத்தில் எந்தச் செய்தி மேலே ஏறும் என்பதை வாசகர் வாக்குதான் தீர்மானித்தது. நல்ல முயற்சி. ஆனால் வாக்கு என்றாலே ஆள் சேர்த்துக்கொண்டு வந்து குத்துபவர்களுக்குத்தான் வசதி.

2025 ஜூனில் இஸ்ரேல் ஈரான் மீது தொடுத்த போரை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு நாள் குண்டு விழுந்தது. "இன்னும் போடு, ஆட்சி விழட்டும்" என்று ஒருவர் எழுதுகிறார். தெஹ்ரானில் இருக்கும் அம்மாவுக்கு ஃபோன் கிடைக்காத ஒருவர் அதைப் படிக்கிறார். ஈரானில் இணையத்தையும் அறுத்துவிட்டார்கள். முதலாமவர் எழுதியதை எடுக்க வேண்டும் என்று என் மனம் சொல்கிறது. எடுத்தால் அது கருத்தை எடுத்ததுதான். எனக்கு அதற்கு விடை கிடைக்கவில்லை.

இளம்பரிதி

எடுக்கக் கூடாது. அந்த அம்மாவின் பிள்ளை திருப்பி எழுதட்டும், அதை மேலே கொண்டுவந்து நிறுத்துங்கள். போரை ஆதரித்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பது நாளைக்கு அவர்கள் கண் முன்னாலும் இருக்க வேண்டும்.

மாலதி

அந்தப் பிள்ளை அந்த நேரத்தில் எழுதும் நிலையிலா இருப்பான்? திருப்பி எழுதும் தெம்பு எல்லோருக்கும் எப்போதும் இருக்கும் என்று வைத்தே நீங்கள் பேசுகிறீர்கள் தம்பி. இதில் நாம் சேரப் போவதில்லை.

சேர்ந்த இடத்தையாவது நடைமுறைக்குக் கொண்டுவருவோம். காட்டிக்கொடுப்பதை எடுக்க வேண்டும் என்றீர்கள். எப்போது எடுப்பது? ஊர்வலத்தில் எடுத்த படத்தை ஒருவர் போடுகிறார். ஓரத்தில் நிற்கும் பெண் அடுத்த மாதம் ஷிராசுக்குப் போய் அப்பாவைப் பார்க்க டிக்கெட் எடுத்தவள். பத்து நிமிடத்தில் நீக்கினாலும் ஸ்கிரீன்ஷாட் போயிருக்கும், விமான நிலையத்தில் அவளிடம் அதைக் காட்டிக் கேட்பார்கள். அதனால் படமும் பெயரும் உள்ளவற்றை வெளியாகும் முன்பே ஒருவர் பார்த்தாக வேண்டும். முன்கூட்டிப் பார்ப்பது என்றாலே எர்ஷாத் என்று சொன்னீர்களே, இதற்கு ஒத்துக்கொள்வீர்களா?

இளம்பரிதி

படத்துக்கு ஒத்துக்கொள்கிறேன். முகத்தை மறைத்துவிட்டு வெளியிடட்டும். எழுத்துக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மாலதி

அவள் பெயரும் ஊரும் எழுத்தாக வந்தால்?